இதில் பறவை எங்கே, பாய்?

கல்யாணப் போட்டோ எடுப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று அவன் தேட வேண்டியதில்லை. மாலையும் கழுத்துமாக எதிரிலேயே நிற்பார். ஒளிந்துகொள்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் பறவைகளைப் படம் எடுக்கப் போனால் அந்தச் சௌகரியம் போய்விடும். காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் திரிந்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். மலேயா, சிங்கப்பூர் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட குரூப் படம், நிக்காஹ், கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருந்தது. இருட்டறை வேலையும் டச்சிங்கும் என் மனைவி ஜைனம்புவுடையது. அம்மைத் தழும்பை நெகட்டிவிலேயே பென்சிலால் தொட்டு மறைப்பாள், பெற்ற தாய்க்கே தெரியாது. ஒருநாள் காக்கி அரை டிராயரோடு ஒல்லியான ஒருவர் வந்தார். பெயர் தேவசகாயம். கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் லெக்சரர். நிறத்தால் தன்னை மறைத்துக்கொள்ளும் பறவைகளைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுதுகிறார். படம் இல்லாமல் அச்சில் ஏற்ற முடியாது என்று மதராஸ் பதிப்பாளர் சொல்லிவிட்டாராம். கடலூர் ஸ்டுடியோக்காரர் இரண்டு பேர் அவரோடு ஆளுக்கொரு நாள் போய்விட்டு மறுநாள் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தையைச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பேன், பறவை எடுத்துப் பழக்கமில்லை என்றேன். "சிரிக்க வைக்க வேண்டியதில்ல பாய், இருக்கிற எடத்துல இருக்கும். கண்டுபுடிச்சா போதும்" என்றார்.

முதல் ரோல்

கடலூருக்கு மேற்கே செம்மண் பூமியில் ஒரு முந்திரித் தோப்பு. காலை எட்டு மணி. முன்னால் போன தேவசகாயம் சார் சட்டென்று நின்று, கையை நீட்டாமல் மோவாயால் காட்டினார். பக்கி என்று ஒரு பறவை உண்டு. பொழுது சாய்ந்தால் பறந்து பூச்சி பிடிக்கும், பகலெல்லாம் சருகோடு சருகாகத் தரையில் படுத்திருக்கும். "அந்தக் காய்ஞ்ச குச்சிக்கு ரெண்டு சாண் எடது பக்கம் பாய்" என்றார். பார்த்தேன். காய்ந்த குச்சி நாற்பது கிடந்தது. தெரியுதா என்றார். தெரியுது என்றேன். தொழில்காரன் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

ஏதோ ஒரு குச்சியைப் பிடித்து, அதற்கு இடது பக்கமாகப் பன்னிரண்டு படத்தையும் எடுத்து முடித்தேன். எழுந்திருக்க முழங்காலை நகர்த்தியதும், காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்த சருகு ஒன்று எழுந்து பறந்து போயிற்று. பஸ்ஸில் வரும்போது சார், "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. மொத வருஷம் எனக்கும் தெரியல" என்றார்.

வீட்டுக்கு வந்து ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டோம். சருகு அருமையாக விழுந்திருந்தது, நரம்பு நரம்பாக எண்ணலாம். ஜைனம்பு ஈரப் படங்களைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டே பன்னிரண்டையும் பார்த்தாள். "சருகப் படம் புடிக்கவா கடலூர் வரைக்கும் பஸ் ஏறிப் போனீங்க? நம்ம கொல்லையிலயே கெடக்குதே."

குழல்

கையிலிருந்த பெட்டிக் காமிராவை வைத்துக்கொண்டு இந்த வேலை ஆகாது என்று புரிந்தது. ஜைனம்புவின் அண்ணன், என் மச்சான், சிங்கப்பூரில் இருந்தார். மறு வருஷம் கப்பலில் ஊர் வந்தபோது ஒரு காமிராவும் ஒரு முழ நீளத்துக்கு ஒரு லென்ஸும் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைக்கப் பெட்டி இல்லை. பழைய பட்டுத் துணியில் சுற்றி, மடியில் கிடத்தி, முதல் தடவையாகக் கடலூர் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாயனமா பாய்? எந்தூர்ல கச்சேரி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், காமிரா ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்த சாரையும் பார்த்துவிட்டார். "சரி, ஒத்து ஊத ஆள் இருக்காரு. தவில்காரர் எங்க ஏர்றாரு?"

இமை மூடிய நேரம்

கிள்ளையில் செல்லப்பன் என்று ஒரு படகுக்காரர். பிச்சாவரம் பக்கத்துக் கால்வாய்களில் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். பேச்சு குறைவு. அவர் படகில்தான் மஞ்சள் குருகைத் தேடிப் போனோம். ஆளைக் கண்டால் அது பறக்காது. அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கி, உடம்பை ஒடுக்கி, நாணலோடு நாணலாக நின்றுவிடும். காற்றில் நாணல் ஆடினால் அதுவும் கூடவே ஆடும்.

அன்று நானே கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நானாகப் பார்த்த முதல் ஒளிந்த பறவை அது. மெதுவாகக் காமிராவைத் தூக்கினேன். பிலிமைச் சுற்றியிருக்கிறேனா என்று சந்தேகம் வந்தது. தலையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். நாணல்தான் இருந்தது. பறந்த சத்தமில்லை, தண்ணீரில் அலையில்லை. ஒரு மணி நேரம் மூன்று பேரும் ஒரே இடத்தையே பார்த்தோம். சாருக்கும் அகப்படவில்லை. கடைசியில் குருகு எந்தப் பக்கம் போயிற்று என்று செல்லப்பனைக் கேட்டேன். அவர் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "அது எங்கயும் போவல பாய். அங்கதான் நிக்கிது. நீங்கதான் ஒரு தபா போயிட்டு வந்தீங்க."

தில்லைப் பால்

அதே குருகுக்காக ஐந்தாவது தடவை போனோம். இந்த முறை தலையைக் குனியவே இல்லை. எட்டுப் படம் எடுத்துவிட்டேன். ஒன்பதாவதுக்கு ஒரு கிளை குறுக்கே நின்றது. கையை நீட்டி ஒடித்தேன். செல்லப்பன் "பாய், வேணாம்" என்று சொல்வதும் ஒடிவதும் ஒன்றாக நடந்தது. அது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அதனால்தான். ஒடித்தால் பால் வரும், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று கிள்ளையில் எல்லாருக்கும் தெரியும். சிதம்பரத்தில் இருந்த எனக்குத் தெரியாது.

வலது கண்ணில் தெறித்தது. எரிச்சலில் கசக்கிய கையால் இடது கண்ணையும் தொட்டுவிட்டேன். மிளகாயை அரைத்து அப்பின மாதிரி இருந்தது. செல்லப்பன் என்னைப் படகில் மல்லாக்கப் படுக்க வைத்து, குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றினார். கரை சேர ஒன்றரை மணி நேரம். மாட்டு வண்டியில் ஏறினேன், பிறகு பஸ். சார் என் கையைப் பிடித்தபடியே வந்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. இரண்டு கண்ணும் இல்லாத போட்டோக்காரன் என்ன செய்வான் என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். டாக்டர் கழுவி, மருந்து போட்டு, இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார். ஐந்து நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

அந்த ஐந்து நாளும் ஸ்டுடியோவை ஜைனம்பு பார்த்துக்கொண்டாள். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பாஸ்போர்ட் படம் எடுத்தாள். வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. நான் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், சுவர் இருந்த திசையை என்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், கையில் பிடித்திருந்த எதிலிருந்தோ என் மேல் ஈரம் சொட்டியது. படம் கழுவுகிற ஹைப்போ வாசனை அடித்தது. குருகு ரோலைக் கழுவியிருக்கிறாள். விழுந்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எட்டும் விழுந்திருக்கு. அலகு, கண்ணு, கழுத்துக் கோடு, எல்லாம் தெரியிது. இத்தன நாள்ல இதுலதான் பறவை தெரியிது, பாக்கத்தான் நீங்க இல்ல."

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். இடது கண் முழுக்கத் தெளிந்திருந்தது, வலதில் மட்டும் கொஞ்சம் புகை மாதிரி. இனிப் படம் எடுக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "எப்படியும் ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தான எடுப்பீங்க? இனிமே எதை மூடறதுன்னு யோசிக்க வேண்டியதில்ல."

பூவரசந் தழை

கண் சரியாகி முதலில் போனது ஆள்காட்டிப் பறவைக்கு. அது மொட்டைத் தரையில் முட்டை இடும். நான்கு முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். ஆள் இருந்தால் தாய் கிட்டே வராது. சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரு வறண்ட குளத்தில் முட்டைகளைக் கண்டுபிடித்தோம். சார் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பூவரசந் தழையை ஒடித்துச் சுற்றிலும் நட்டு, உள்ளே குந்தி, லென்ஸ் முனை மட்டும் வெளியே தெரியும்படி இருந்தேன். ஒரு மணி நேரத்தில் பறவை முட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது பின்பக்கம் கரக் கரக் என்று சத்தம். திரும்ப முடியாது, திரும்பினால் பறவை போய்விடும். சத்தம் பக்கவாட்டுக்கு வந்தது. பிறகு முன்னால் வந்தது. இருபது ஆடுகள் என் மறைவைத் தின்று முடித்துவிட்டன. வெட்டவெளியில் காமிராவைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் குந்தியிருந்தேன். ஆடு ஓட்டி வந்த அம்மாள் என்னையும் மிச்சமிருந்த குச்சிகளையும் பார்த்தார். "ஒளியணும்னா ஆடாதோடை ஒடிச்சி வச்சிக்கினு ஒளியணும். பூவரசந் தழைக்குள்ள குந்திக்கினா ஆடு உட்டுடுமா?"

பச்சைப்புறா

சிதம்பரம் கடலூர் சாலையோரம் அப்போது பெரிய ஆலமரங்கள் நின்றன. பழம் பழுத்தால் பச்சைப்புறாக்கள் வரும். ஆலிலை நிறம்தான் உடம்பு. சார் மரத்தடியில் நின்று ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பதினாலு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கிளை கிளையாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்தேன். நோட்டில் எழுதும்போது, "காலு என்ன நெறம் பாய்?" என்று கேட்டார். மஞ்சள் என்றேன். "தோள்ல?" ஊதா மாதிரி ஒரு தீற்றல் என்றேன். எந்தப் பறவையைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்பார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக் கவனமாகப் பதில் சொல்வேன்.

அந்தப் படங்களை வாங்க ஸ்டுடியோவுக்கு வந்தார். ஜைனம்பு ஒரு கல்யாணப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சார் எட்டிப் பார்த்து, "பச்சப் பொடவ நல்லா வந்திருக்கும்மா" என்றார். அவள் தூரிகையை வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள், "சார், இது கூறைச் செவப்பு." சார் குனிந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதானாம். கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. சாயம் போட்ட ஸ்லைடுகளை மாணவர்கள் கொண்டுவந்து காட்டினால், "நீயே சொல்லு பாப்போம்" என்று திருப்பிக் கேட்டே பத்து வருஷத்துக்கு மேல் சமாளித்துவிட்டார். தெரிந்தால் வேலை என்ன ஆகுமோ என்று பயம். "நெறத்தப் பத்திப் புஸ்தகம் எழுதறேன், நெறமே தெரியாது. இதுல எழுதின நெறமெல்லாம் பாய் கண்ணு" என்றார்.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று அவர் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்துப் பிரதியை ஜைனம்பு முழுக்கப் படித்து மூன்று இடத்தில் நிறத்தைத் திருத்திக் கொடுத்தாள். எனக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. நிறம் தெரியாதவர் ஆலமரத்தில் பதினாலு புறாவை எப்படி எண்ணினார்? அதைக் கேட்டேன். "எலையும் புறாவும் ஒரே நெறம்னு ஒங்க கண்ணு ஏமாந்து போவுது. எனக்கு எல்லா மரமும் அப்படித்தான், அதனால உருவத்தப் பாத்தே பழக்கம். என்னை ஏமாத்தணும்னா அதுங்க எலை மாதிரி காம்போட பொறக்கணும் பாய்."

யுத்த சமயம்

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு யுத்தம் நடந்தபோது, காமிராவோடு கடற்கரைக்குப் போகலாமா என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே மணலில் உப்புக்கொத்திகள் வந்திருந்தன. உள்ளங்கை அளவுப் பறவை, மணல் நிறம். காலடித் தடத்துக் குழிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொள்ளும். கடலைப் பார்த்து முழ நீள லென்ஸை நீட்டிக்கொண்டு நான் மணலில் படுத்திருந்தேன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என் பெயரைக் கேட்டார். இஸ்மாயில் என்றேன். லென்ஸ் எங்கே வாங்கியது என்றார். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சார், "இவரக் கூட்டிக்கிட்டு வந்தது நான். மொதல்ல எம் பேர எழுதுங்க" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். என்ன எடுத்தீர்கள் என்றார்கள். பறவை என்றோம். மணலில் பறவையே இல்லையே என்றார், எங்களைக் கூட்டிவந்தவர்களில் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு இல்லை.

பிலிமைப் பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு போலீஸ்காரரை உள்ளே நிறுத்திக் கழுவினார்கள். ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு ஈரத்தோடு மேஜையில் வைத்தார்கள். கறுப்பு வெள்ளையில் மணலும் குழியும்தான் இருந்தன. "இதுல பறவை எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். சார் விரலை வைத்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அந்த இடத்தையே பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒரு பறவை தெரிய வேண்டும், இல்லாவிட்டால் என் கதி என்ன என்று தெரியாது. மூலையில் இருந்த வயதான ஏட்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "ஐயா, கண்ணு. இந்தாங்க, கண்ணு" என்றார். ஒரு புள்ளி. அதைப் பிடித்துக்கொண்டதும் தலை தெரிந்தது, முதுகு தெரிந்தது. பிறகு எல்லாரும் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே போனார்கள். ஏழாவதை இன்ஸ்பெக்டரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு எங்களுக்கு டீ வரவழைத்தார்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் குரல் மாறியிருந்தது. யுத்தம் முடிகிற வரைக்கும் கடற்கரைப் பக்கம் வர வேண்டாம் என்றார். வாசல் வரை வந்தவர், சாரிடம் ஒரு வார்த்தை சொன்னார். "சார், நாடு இருக்கிற இருப்புல, கொஞ்ச நாளைக்கு நாலு பேர் கண்ணுக்குத் தெரியிற பறவையாப் பாத்து எடுங்க."

விடைப் பக்கம்

அடுத்த வருஷம் படங்களைப் பதிப்பாளருக்கு அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இருபத்திரண்டு படங்களில் ஒன்பதில் பறவையே இல்லை, தவறுதலாக அனுப்பியிருக்கிறீர்கள் போல, அல்லது பறவைக்குச் சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டு மறுபடி அனுப்புங்கள், இல்லையேல் புத்தகத்தைக் கைவிட வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்.

ஜைனம்புவுக்கு அது ஒரு நாள் வேலை. பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். சார் நெகட்டிவைத் தொட விடமாட்டேன் என்றார். கோடு போட்டுவிட்டால் இது ஒளியாத பறவைகளைப் பற்றிய புத்தகம் ஆகிவிடும் என்றார். நான் கோபப்பட்டேன். ஐந்து வருஷம், ஒரு கண்ணின் பாதி, ஒரு போலீஸ் ஸ்டேஷன், எல்லாம் ஒரு கோட்டுக்காக வீணாகப் போவதா என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரும் நானும் முகம் கடுத்தது அந்த ஒரு தடவைதான். படி இறங்கப் போனவரை ஜைனம்பு கூப்பிட்டாள். சீவிய பென்சில் கையிலேயே இருந்தது. "கணக்குப் புஸ்தகத்துல கணக்கு முன்னாடி, விட கடேசிப் பக்கத்துல. அது மாதிரி போடுங்களேன் சார். பாக்கறவங்க கொஞ்சம் தேடட்டும், நாங்க தேடலியா?"

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த கடிதம்

புத்தகம் அப்படியே வந்தது. படங்கள் முன்னால், கோடு போட்ட சின்னப் படங்கள் கடைசியில். காகிதம் சுமார்தான். இருந்தாலும் சார் அதை முதல் பக்கத்திலிருந்து விடைப் பக்கம் வரை மூன்று தடவை புரட்டினார். ஆறு மாதத்தில் வந்த வாசகர் கடிதம் நான்கு. மூன்றில் பாராட்டு. நான்காவது சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு லாரி டிரைவர் எழுதியது. விபத்தில் கால் முறிந்து, கட்டுப் போட்டு வீட்டில் படுத்திருக்கிறாராம். கண்கிலேடிப் படத்தில் விடை தப்பு, ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள், இரண்டு இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

கண்கிலேடி பெரிய மஞ்சள் கண்ணும் மணல் நிறமும் உள்ள பறவை. அவர் ஊர்ப் பக்கம் வெள்ளாற்று மணலில்தான் அதை எடுத்தோம். சார் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். ஜைனம்பு நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். சார் பார்த்தார். நான் நல்ல கண்ணால் பார்த்தேன். தாய்க்குச் சற்றுத் தள்ளி, கழுத்தை நீட்டி, தரையோடு தரையாக ஒரு குஞ்சு. எடுத்தவன் நான், எழுதியவர் அவர், பிரிண்ட் போட்டவள் அவள். மூன்று பேர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் சேத்தியாத்தோப்புக்குப் போனோம். டிரைவர் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். தலைமாட்டில் எங்கள் புத்தகம், அந்தப் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. சொந்தக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம், படிக்க வேறொன்றும் இல்லையாம். இனி லாரி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை அவர் மனைவி வாசலிலேயே எங்களிடம் சொல்லியிருந்தார். புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்ததற்கு நாங்கள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறோமோ என்றுதான் டிரைவர் கேட்டார். இல்லை, நன்றி சொல்ல வந்தோம் என்றார் சார். குஞ்சு எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்டார். டிரைவர் புத்தகத்தை எடுத்து நெஞ்சில் நிறுத்தி, ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு மாசமா நானும் ஆடாம கெடக்கறேன், அதுவும் ஆடாம கெடக்குது. ஒரு நாளு ரெண்டு பேரும் பாத்துக்கினோம், அவ்வளவுதான் சார்."

ஐந்து வருஷம் அலைந்ததில் நாங்கள் பார்க்காமல் விட்ட பறவைகள் எத்தனையோ இருக்கும், ஆனால் எங்களைப் பார்க்காமல் விட்ட பறவை தென்னார்க்காடு ஜில்லாவில் ஒன்றுகூட இருந்திருக்காது.